கண்ணுக்குள்ளே ஒரு ஹெட்கிளார்க்!

எந்த ஆபீஸுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். மூலையில், பீரோவுக்குப் பக்கத்தில், ஒருத்தர் இருப்பார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, எதிரே ஃபைல்களை அடுக்கி வைத்திருப்பார். இன்க்ரிமென்ட்டா? ‘பார்க்கலாம்.’ டிரான்ஸ்ஃபரா? ‘இப்ப இல்லை.’ பி.எஃப். லோனா? ‘அடுத்த மாசம் வாங்க.’ அவர் வேலையே ‘கூடாது’ சொல்வதுதான். அவர் லீவு போட்ட அன்றைக்கு ஆபீஸே பறக்கும். ஃபைலெல்லாம் மடமடவென்று நகரும். எல்லோருக்கும் ஒரே குஷி. மூணாம் மாசம் ஆடிட்டர் வந்து நிற்கும்போதுதான் தெரியும், அந்த மனுஷன் எதற்காக அங்கே உட்கார்ந்திருந்தார் என்று.

இதே மாதிரி ஒரு ஹெட்கிளார்க் நண்டுக்கும் உண்டு, இறாலுக்கும் உண்டு. அவருக்கு ஸீட் போட்டிருக்கிற இடம்தான் விசேஷம். மூளையில் இல்லை, வயிற்றில் இல்லை. கண்ணில்! கண்ணைத் தாங்கிக்கொண்டு நிற்கிறதே, குட்டிக் காம்பு, அதற்குள்ளே.

‘நீ பி.காம். படித்தவன், நண்டுக் கண்ணைப் பற்றி உனக்கென்ன?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கதையை உள்ளே போய்ப் பார்த்தால் உற்பத்தி, கோடவுன், பட்ஜெட், ஓவர்டைம் என்று எல்லாமே காமர்ஸ்தான். நடுவில் கொஞ்சம் ரத்தமும் வரும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேப்பம் மொட்டுக் கண்

எங்கள் ஊர் கிருஷ்ணன்கோவில். மதுரையிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தால், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடும். கடல் நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். ஆனால் நண்டுக்குப் பஞ்சமில்லை. இங்கிருந்து பிரிகிற ரோட்டில் வத்திராயிருப்புப் பக்கம் போனால், பிளவக்கல் அணைத் தண்ணீரில் நெல் விளைகிற வயல்கள். வயல் என்றால் வரப்பு. வரப்பு என்றால் நண்டு வளை.

வயல்காரருக்கு நண்டு என்றாலே கடுப்பு. ராத்திரி பூரா வரப்பைக் குடைந்துவிடும். காலையில் போய்ப் பார்த்தால் பாய்ச்சின தண்ணீரெல்லாம் அடுத்த வயலில் நிற்கும். அடுத்த வயல்காரர் நல்லவராக இருந்தாலே சண்டை வரும். ஆனால் சளி பிடித்து மூக்கை உறிஞ்சுகிற நாளில் அதே நண்டுதான் மிளகும் பூண்டும் சேர்ந்து ரசமாகி நம்மைக் காப்பாற்றும்.

அந்த நண்டின் கண்ணைக் கவனித்திருக்கிறீர்களா? நம் கண் மாதிரி குழிக்குள்ளே பதிந்திருக்காது. காம்பு வைத்து நிமிர்ந்து நிற்கும். ஆபத்து வந்தால் ஓட்டின் விளிம்பில் இருக்கிற பள்ளத்தில் மடக்கி வைத்துக்கொள்ளும். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி நம்ம ஆட்கள் இதைப் பார்த்துவிட்டார்கள். ஐங்குறுநூற்றில் ‘களவன் பத்து’ என்று நண்டுக்காகவே ஒரு பகுதி உண்டு. பாடியவர் ஓரம்போகியார். களவன் என்றால் நண்டு. அதில் நண்டின் நீண்ட கண்ணை வேப்பம் மொட்டுக்கு ஒப்பிட்டிருக்கிறார். ஒரு வேப்பங்கொத்தையும் ஒரு வயல் நண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அளவு, காம்பு, மேலே உருண்டை எல்லாம் அச்சு அசல்!

மொட்டை அவர் பார்த்தார். காம்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க மைக்ராஸ்கோப் வர வேண்டியிருந்தது.

ஃபாக்டரியும் கோடவுனும்

காம்பின் நுனியில் கண். அதற்குப் பின்னால் பார்வைக்கான நரம்பு முடிச்சுகள் வரிசையாக இருக்கின்றன. கடைசி முடிச்சின் ஓரத்தில், கொத்தாகச் சில நரம்பு செல்கள். மொத்தமே நூற்றைம்பது, இருநூறு தேறும். இவை நரம்பாகவும் வேலை பார்க்கும், சுரப்பியாகவும் வேலை பார்க்கும். அதாவது மற்ற நரம்புகள் மாதிரி ‘கிர்ர்’ என்று தந்தி அடிப்பதோடு நிற்காமல், ஹார்மோன் தயாரித்து ரத்தத்தில் அனுப்புகிற ஆசாமிகள். நரம்புச் சுரப்பு செல்கள் என்று பெயர்.

இந்தக் கொத்துக்கு ‘எக்ஸ் உறுப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சினிமா வில்லன் பேர் மாதிரி இருக்கிறது. தயாரிக்கிற இடம் இது. தயாரித்த சரக்கு, அதே செல்களின் நீண்ட வால்கள் வழியாகப் பக்கத்தில் இருக்கிற ‘சைனஸ் சுரப்பி’க்குப் போய்ச் சேரும். அது கோடவுன். அங்கே ஸ்டாக் வைத்திருந்து, ஆர்டர் வந்தால் ரத்தத்தில் டெலிவரி. 1930-களில் ஸ்வீடன் நாட்டு பெர்டில் ஹான்ஸ்ட்ராம் என்பவர் இந்த ரெண்டையும் விளக்கமாக எழுதி வைத்தார்.

நமக்கும் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. மூளைக்கு அடியில் ஹைப்போதலாமஸ், அதற்குக் கீழே தொங்குகிற பிட்யூட்டரி. நமக்கு மண்டைக்குள் பத்திரமாக இருக்கிறது. நண்டுக்கோ வெளியே குச்சி மேல் நட்டு வைத்தது மாதிரி இருக்கிறது. பகல், இரவு, வெளிச்சம் என்று கண் பார்க்கிற செய்தி அங்கேயே அடுத்த டேபிளுக்குப் போய்விடும். சரியான ஸீட்தான். ஆனால் யாராவது கத்தரிக்கோலோடு வந்தால் ஆபத்து. வந்தார்கள்.

என்னென்ன டிபார்ட்மென்ட்?

முதலில் கலர். இறாலைக் கறுப்புத் தொட்டியில் விட்டால் கொஞ்ச நேரத்தில் உடம்பு இருண்டுவிடும். வெள்ளைத் தொட்டியில் விட்டால் வெளிறிவிடும். 1928-ல் எர்ல் பெர்கின்ஸ் என்ற அமெரிக்கர், இறாலின் கண்காம்பை அரைத்து, அந்தச் சாற்றை இருண்டு போன இறாலுக்கு ஊசி போட்டார். நிறப்பொட்டுகள் சுருங்கி இறால் வெளிறிவிட்டது. கண்காம்பில் ஏதோ ஹார்மோன் இருக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் சாட்சிகளில் ஒன்று இது. அந்தச் சிவப்புப் பொட்டைச் சுருக்கும் ஹார்மோனின் முழு அமைப்பையும் 1972-ல் ஸ்வீடன்காரர்கள் கண்டுபிடித்தார்கள். எட்டே எட்டு அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலி.

ரெண்டாவது சர்க்கரை. 1944-ல் நண்டுக்குக் கண்காம்புச் சாற்றை ஊசி போட்டபோது ரத்தத்தில் சர்க்கரை ஏறியது. திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் பல வருஷமாக இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அங்கே அவர்கள் எடுத்துக்கொண்டது வேறு எதுவுமில்லை, தென்னிந்திய வயல் நண்டுதான்! கண்காம்பை எடுத்தால் நண்டின் ரத்தச் சர்க்கரை இறங்கும். சாற்றை ஊசி போட்டால் திரும்ப ஏறும். நம்ம வரப்பைக் குடைகிற ஆசாமி சர்வதேச ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் இடம் பிடித்தவர் என்பது வயல்காரருக்குத் தெரியாது. தெரிந்தாலும் மண்வெட்டியைக் கீழே போடமாட்டார்.

மூன்றாவதும் நான்காவதும்தான் ஹெட்கிளார்க் வேலை. ‘இப்போது சட்டை உரிக்காதே.’ ‘இப்போது முட்டை வைக்காதே.’ ரெண்டும் தடை உத்தரவு.

வளையில் தங்காத நண்டு

நண்டின் ஓடு வளராது. உள்ளே ஆள் வளர்ந்தால் பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டிக்கொள்ள வேண்டும். சொல்வதற்குச் சுலபம். பழைய ஓட்டிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பைத் திரும்ப உடம்புக்குள் இழுத்துக்கொண்டு, அடியில் மெல்லிசாகப் புது ஓடு தயார் பண்ணி, தண்ணீரைக் குடித்து உப்பி, முதுகுப் பக்கம் வெடித்து, கால், கொடுக்கு, கண்காம்பு உறை, இரைப்பையின் உள் தோல் வரைக்கும் உருவிக்கொண்டு வெளியே வர வேண்டும். நடுவில் ஒரு கால் மாட்டிக்கொண்டால் கால் போச்சு. உடம்பே மாட்டிக்கொண்டால் உயிரே போச்சு. வெளியே வந்த பிறகும் ஓடு இறுகுகிற வரை அது வெறும் பஞ்சு மிட்டாய். யார் வேண்டுமானாலும் தின்னலாம்.

இவ்வளவு ரிஸ்க் உள்ள காரியத்தை நினைத்த நேரத்தில் செய்ய முடியுமா? உரி என்று உத்தரவு போடுகிற சுரப்பி, முன்னுடம்பில் இருக்கிறது. பேர் ‘ஒய் உறுப்பு’. (எக்ஸ், ஒய்... அல்ஜீப்ரா வாத்தியார் யாரோ புகுந்திருக்கிறார்.) அந்த ஒய்யை வேலை செய்யவிடாமல் அமுக்கி வைப்பது கண்காம்பிலிருந்து வருகிற தடை ஹார்மோன். இரை போதுமான அளவு சேர்ந்து, நேரமும் கூடி வந்தால், கண்காம்பு பிடியைத் தளர்த்தும். அப்புறம்தான் ஒய் கையெழுத்துப் போடும்.

1905-லேயே சார்லஸ் ஸெலனி என்ற அமெரிக்கர் இதை மோப்பம் பிடித்தார். கண்காம்பு எடுத்த நண்டுகள் சீக்கிரம் சீக்கிரமாகச் சட்டை உரிப்பதைப் பார்த்து எழுதினார். ஏன் என்று அன்றைக்கு யாருக்கும் விளங்கவில்லை. ஹார்மோன் என்ற வார்த்தையே அந்த வருஷம்தான் பிறந்தது.

‘நண்டு கொழுத்தால் வளையில் தங்காது’ என்பது நம்ம பழமொழி. கொழுப்பு எடுத்து அலைகிறவர்களைத் திட்டுவதற்குத்தான் சொல்கிறோம். கண்காம்பு ஆராய்ச்சியைப் படித்த பிறகு எனக்கு இப்படித் தோன்றுகிறது: கொழுத்தாலும் தங்க வைக்கிறதற்கு ஒருத்தர் இருக்கிறார். அவரைக் கழற்றிவிட்டால்தான் தங்காது.

கையோடு ஒரு மார்க்கெட் டிப்ஸ். கடல் நண்டு வாங்கும்போது பார்க்கப் பெரிசாக இருந்தும் தூக்கினால் லேசாக இருந்தால், வாங்கவேண்டாம். அது அண்மையில் சட்டை உரித்தது. உள்ளே சதையை விடத் தண்ணீர்தான் அதிகம். வயிற்றுப் பக்க ஓட்டைக் கட்டை விரலால் அமுக்கினால் அமுங்கும். ‘பௌர்ணமி நண்டு அப்படித்தான் சார்’ என்று மீன்காரம்மா சொல்வார். நிலாவின் மேல் பழியைப் போட்டு நம் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று புரிந்துகொள்ளவும்.

பாரிஸிலிருந்து மரக்காணத்துக்கு

முட்டைக் கதைக்கு வருவோம். 1943. பிரான்ஸை ஹிட்லர் படை பிடித்து வைத்திருந்த நேரம். அந்தக் கெடுபிடியிலும் பானூஸ் என்ற பிரெஞ்சுக்காரர் இறாலின் கண்காம்பை வெட்டிப் பார்த்தார். முட்டைக் காலம் இல்லாத சமயத்தில், பெண் இறாலின் சினைப்பை விறுவிறுவென்று வளர்ந்தது. கண்காம்பில் முட்டைக்கும் ஒரு தடை ஹார்மோன் இருக்கிறது என்பது வெளிப்பட்டது. அவர் அறிவுக்காகச் செய்தார். முப்பது வருஷம் கழித்து அது பிசினஸ் ஆனது.

ஏன் என்றால், டைகர் இறால் ஒரு பிடிவாதக்காரி. தொட்டியில் ராஜ உபசாரம் செய்தாலும் முட்டைக்குத் தயாராகமாட்டாள். கடலில் ஆழமான இடத்தில்தான் மனசு வரும். அதனால் பண்ணைக்குக் குஞ்சு வேண்டுமென்றால் போட்டில் போய் முட்டையோடு இருக்கிற தாய் இறாலைத் தேடிப் பிடிக்க வேண்டும்; கேட்ட விலை கொடுக்க வேண்டும். ஒரு தாய் ஒரு தடவையில் லட்சக்கணக்கில் முட்டை விடும் என்பதால் யாரும் பேரம் பேசுவதில்லை. இந்தச் சமயத்தில்தான் 1970-களில் பல நாடுகளில் பானூஸின் வழியைக் கையில் எடுத்தார்கள். நம் நாட்டில் மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் கேரளாவில் நாரக்கல்லில் இதைச் செய்து காட்டியது. ஒரு கண்காம்பை நீக்கினால் போதும். மூன்றிலிருந்து ஏழு நாளில் முட்டை தயார்!

2009-க்குப் பிறகு நம்ம பண்ணைகளில் டைகரின் இடத்தை அமெரிக்கப் பக்கத்து ‘வனாமி’ பிடித்துக்கொண்டது. தாய் இறால்கள் விமானத்தில் வந்து, சென்னை நீலாங்கரையில் க்வாரன்டைனில் இருந்து, சோதனை எல்லாம் முடிந்து ஹேச்சரிகளுக்குப் போகின்றன. நம்மில் பலருக்கு பாஸ்போர்ட் கிடையாது. இறாலுக்கு இமிக்ரேஷனே உண்டு. ஆள் மாறினாலும் கண் விஷயம் மாறவில்லை.

ஒரு செகண்ட் வேலை

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன் ஒருத்தன். நான் காமர்ஸுக்குப் போனேன், அவன் ஜுவாலஜிக்குப் போனான். ‘ஜுவாலஜி படித்தால் தவளைதான் அறுக்கலாம்’ என்று ஊரே கேலி செய்தது. இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில், மரக்காணம் பக்கம் ஒரு இறால் ஹேச்சரியில் டெக்னீஷியன். போன வருஷம் பாண்டிச்சேரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவன், அப்படியே அவனையும் பார்க்கப் போனேன்.

தாய் இறால் இருக்கிற அறை இருட்டு. வட்டமான கறுப்புத் தொட்டிகள். பேச்சுக் கூடாது, லைட் கூடாது, செருப்புக் கூடாது. கை கால் மருந்துத் தண்ணீரில் முக்கிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். கர்ப்பிணிகள் வார்டு மாதிரியே இருந்தது. சாப்பாடு கணவாய், மட்டி, கடல் புழு. ராத்திரியில் டார்ச்சைத் தொட்டிக்குள் காட்டி, முதுகு வழியாகத் தெரிகிற சினைப்பையின் நிழலைப் பார்த்து, ‘இது இன்றைக்கு, அது நாளைக்கு’ என்று பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பெண் இறாலுக்கும் ஒரு நம்பர். நம்பரை எழுதிய வளையத்தை எங்கே மாட்டியிருந்தார்கள் தெரியுமா? மிச்சம் இருக்கிற ஒற்றைக் கண்காம்பில்.

‘‘மாப்ள, கண்ணை எப்படிடா எடுப்பீங்க?’’

‘‘பல வழி இருக்கு. கத்தரிக்கோலால வெட்டலாம். நூல் போட்டு இறுக்கிக் கட்டலாம், நாலு நாள்ல தானா விழுந்துடும். பழுக்கக் காய்ச்சின இடுக்கியால நசுக்கினா ரத்தம் வராது. ஒரு செகண்ட் வேலைடா.’’

‘‘அவ்வளவுதானா?’’

கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘‘நமக்கு ஒரு செகண்ட். அது வாலை அடிக்கிற அடி இருக்கே, கையில முழங்கை வரைக்கும் தெரியும். சேந்த புதுசுல நாலு நாள் சோறு இறங்கலை. அப்புறம் பழகிடுச்சி. பழகிடுச்சேன்னுதான் இப்ப கஷ்டமா இருக்கு.’’

டெபிட் பக்கம்

நான் காமர்ஸ் ஆசாமி. கிரெடிட் பக்கம் பார்த்தால் டெபிட் பக்கமும் பார்த்தாக வேண்டும்.

‘ஒரு கண்ணை எடுத்தாலே இவ்வளவு வேகம் என்றால் ரெண்டையும் எடுத்துவிடலாமே?’ என்று ஆசை வரும். எடுத்துப் பார்த்தவர்கள் உண்டு. இறால் திக்குத் தெரியாமல் சுழன்று சுழன்று நீந்தும், கட்டுப்பாடில்லாமல் சட்டை உரிக்கும், வரிசையாகச் சாகும். ஹெட்கிளார்க்குகள் ரெண்டு பேரையும் ஒரே நாளில் டிஸ்மிஸ் செய்த ஆபீஸ் அதற்கு மேல் தாங்காது.

ஒரு கண்ணை எடுப்பதற்கும் முகூர்த்தம் பார்க்க வேண்டும். சட்டை உரிக்கப் போகிற சமயத்தில் எடுத்தால், முட்டைக்குப் பதில் சட்டைதான் உரியும். உரித்த கையோடு எடுத்தால் ரத்தம் நிற்காமல் போய் இறந்தே போகும். உடம்பின் சத்து ஒரே பட்ஜெட். அதில் வளர்ச்சிக்குப் பங்கு கொடுப்பதா, முட்டைக்குப் பங்கு கொடுப்பதா என்பதைக் கண்காம்புதான் அதுவரை சரிக்கட்டிக்கொண்டிருந்தது. ஒரு தடையைத் தூக்கினால் எல்லாத் தடையும் கூடவே தூக்கப்படுகிறது. ஹார்மோன் ஒன்றை மட்டும் பொறுக்கி எடுக்கக் கத்தரிக்கோலுக்குத் தெரியாது.

அதற்கப்புறம் அந்தத் தாய்க்கு ஓய்வே இல்லை. முட்டை, மறுபடி முட்டை. போகப் போக முட்டையின் தரம் குறையும், குஞ்சு பலவீனமாகும், தாயும் சீக்கிரம் போய்விடும். வருஷக் கணக்கில் செலவழிக்க வேண்டிய சேமிப்பை மாசத்தில் எடுத்துச் செலவழித்த கணக்கு.

போன கண் திரும்ப முளைக்காதா? இதிலும் ஒரு விசித்திரம். 1896-ல் கர்ட் ஹெர்ப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார்: கண்ணின் நுனியை மட்டும் எடுத்து உள்ளே இருக்கிற நரம்பு முடிச்சை விட்டுவிட்டால் கண்ணே முளைக்கும். முடிச்சோடு சேர்த்து அடியோடு எடுத்தால், அந்த இடத்தில் கண்ணுக்குப் பதிலாக மீசை மாதிரி ஒரு உணர்கொம்பு முளைக்கும்! ஃபைலைத் தொலைத்துவிட்ட ஆபீஸில் புது ஃபைல் போடச் சொன்னால் வேறு யாருடைய பேரிலோ போடுவார்களே, அது மாதிரி.

வலிக்குமா?

இறாலுக்கு வலிக்குமா என்று கேட்டால் சிரிக்கிறவர்கள் உண்டு. 2012-ல் மெக்சிகோவில் நன்னீர் இறாலில் சோதித்துப் பார்த்தார்கள். கண்காம்பு எடுத்ததும் இறால் வாலை அடித்துக்கொள்கிறது; காயம்பட்ட இடத்தைத் தேய்த்துவிட்டுக்கொள்கிறது. பல் டாக்டர் போடுகிற மரப்பு மருந்து மாதிரி ஒன்றை முன்னாலேயே தடவிவிட்டு எடுத்தால் இதெல்லாம் குறைகிறது. நாமும் முட்டி இடித்துக்கொண்டால் முட்டியைத் தேய்க்கத்தானே செய்கிறோம்?

2021-ல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைச் சேர்ந்த ஜொனாதன் பர்ச் குழு, முந்நூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளை அலசி, நண்டு, இறால் வகைகளுக்கு உணர்வு உண்டு என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது என்று சொன்னது. அடுத்த வருஷமே பிரிட்டன் தன் விலங்கு நலச் சட்டத்தில் அவற்றைச் சேர்த்துக்கொண்டது. காமர்ஸ் காலேஜ்காரர்கள்தான் இதைச் செய்தார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

நாம் ஒன்றும் பின்தங்கியவர்கள் இல்லை. மிருகவதைத் தடுப்புக்காக ராஜ்ய சபாவில் மசோதா கொண்டுவந்து, சட்டம் வரக் காரணமாக இருந்தவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். 1960-ல் வந்த அந்தச் சட்டத்தில் ‘விலங்கு’ என்றால் என்ன என்று பாருங்கள்: மனிதனைத் தவிர்த்த எந்த உயிருள்ள ஜீவனும். இறாலைத் தனியாகக் கழித்துவிடவில்லை. ஏட்டில் இருக்கிறது.

வெட்டாமல் முடியுமா?

முடியும் என்கிறார்கள். தாய்லாந்தில் மஹிடோல் பல்கலைக்கழகத்தார் 2011-ல் ஒரு வழி காட்டினார்கள். கண்ணைத் தொடாமல், அந்த முட்டைத் தடை ஹார்மோனைத் தயாரிக்கிற மரபணுவின் வாயை மட்டும் அடைக்கிற மாதிரி ஒரு ஆர்.என்.ஏ. ஊசி. டைகர் இறால் கண் இரண்டும் இருக்க முட்டை விட்டது. ஹெட்கிளார்க்கை டிஸ்மிஸ் செய்யாமல், ஒரே ஒரு ஃபைலை மட்டும் அவர் மேஜையிலிருந்து நைஸாக எடுத்த கதை.

வனாமிக்கு அதுகூடத் தேவையில்லை போலிருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தார் நல்ல தீனி, கொஞ்சம் கூடுதல் பெண் இறால்கள், சரியான பராமரிப்பு என்று வைத்து, வெட்டாமலே போதுமான குஞ்சு எடுக்கலாம் என்று காட்டினார்கள். மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸில் ஒரு பெரிய கம்பெனி அப்படித்தான் உற்பத்தி செய்கிறது. இன்னொரு விஷயம்தான் பண்ணைக்காரர்கள் காதில் போட வேண்டியது. 2021-ல் வந்த ஆய்வில், கண் வெட்டாத தாய்க்குப் பிறந்த குஞ்சுகள், வெள்ளைப்புள்ளி வைரஸையும் இறாலைக் கொல்லும் ஒரு பாக்டீரியாவையும் எதிர்த்து நிற்பதில் வெட்டிய தாயின் குஞ்சுகளை விடக் கெட்டி என்று தெரிந்தது.

வெள்ளைப்புள்ளி என்றால் என்ன என்று நம்ம கடற்கரைக்காரர்களிடம் கேளுங்கள். 1994, 95-ல் அது நுழைந்தபோது கடன் வாங்கிக் குளம் வெட்டினவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டாண்டி ஆனார்கள். நகை போனது, நிலம் போனது. அப்பேர்ப்பட்ட வியாதிக்கு எதிராகத் தாயின் ஒரு கண் ஏதாவது உதவி செய்யுமென்றால், அதை விட மலிவான இன்ஷூரன்ஸ் பாலிசி எது? இரக்கத்துக்காக வேண்டாம், லாபத்துக்காகவாவது யோசிக்கலாம்.

இதையெல்லாம் சேர்த்துப் போட்டு என் நண்பனுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். அவன் சிரித்தான். ‘‘நீ படிச்சு எழுதினதை நான் மூணு வருஷமா முதலாளிகிட்ட சொல்லிட்டிருக்கேன் மாப்ள’’ என்றான் போனில். இப்போது ஒரு தொட்டி கேட்டிருக்கிறானாம். ஒரே ஒரு தொட்டி. அதில் இருக்கிற தாய்களின் கண்ணை யாரும் தொடக்கூடாது. முட்டை எவ்வளவு, குஞ்சு எவ்வளவு, பிழைத்தது எவ்வளவு என்று தனி நோட்டுப் போட்டுக் கணக்கு வைக்கப் போகிறான். நம்பர் சரியாக வந்தால் அடுத்த தொட்டி. வராவிட்டால் அவன் பழைய இடுக்கியை எடுக்க வேண்டியதுதான். கணக்கு நோட்டில் கோடு போட்டுத் தருவது என் பொறுப்பு. பி.காம். படித்ததற்கு ஒரு உருப்படியான வேலை.

‘‘முதலாளி என்னடா சொல்றாரு?’’ என்றேன்.

‘‘மாட்டேன்னு சொல்லலை.’’

‘‘பின்னே?’’

‘‘ ‘பார்க்கலாம்’னு சொல்லியிருக்காரு.’’